இரும்பு மாத்திரையோடு நின்றுவிடாத ஓர் அரசாங்க கிளினிக்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஒரு பக்கம் ரப்பர் மரங்களும் மறுபக்கம் செம்பனையும் சூழ்ந்த எங்கள் ஊரின் அரசாங்க கிளினிக்கைப் பற்றி நல்லதாக எழுதுவோர் குறைவு. நெரிசல், காத்திருப்பு, வண்டி நிறுத்த இடமின்மை ஆகியவற்றைப் பற்றித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவை பொய்யும் அல்ல. ஆனால் இரத்தச்சோகை என்ற ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு அங்கே கிடைக்கும் கவனிப்பைப் பார்த்தால், இந்த வட்டாரத்தில் நான் பணம் கொடுத்துப் பார்த்த எந்த இடத்தையும் விட அது மேலானது என்பேன். என் அம்மாவையும் என் நாத்தனாரையும் அங்கே அழைத்துச் சென்று, முதல் இரத்தப் பரிசோதனையிலிருந்து கூடவே இருந்து பார்த்ததைக் கொண்டு இதை எழுதுகிறேன். அங்கே வேலை செய்பவர்களை இன்னாரென்று சுட்டிக்காட்ட விரும்பாததால் ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன்.

அம்மாவுக்கு வயது 64. இளம் வயதிலேயே பால்மரம் வெட்டப் போனவர். வேலையை விட்ட பிறகும் வீட்டுக் கொல்லையில் மரவள்ளியும் முருங்கையும் வைத்துப் பாடுபடுகிறவர். அவர் கோயில் படியேறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார். இரவில் கால் குடைச்சலால் தூக்கம் கெட்டது. அரிசி களையும்போது ஒரு பிடி பச்சை அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார். தோட்டத்துப் பெண்கள் பலரிடம் காணும் பழக்கம் என்பதால் இதை யாரும் நோயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆனால் பச்சை அரிசி, ஐஸ் கட்டி, மண், சுண்ணாம்பு போன்றவற்றின் மீது அடங்காத ஆசை எழுவது உடலில் இரும்புச்சத்து வற்றிப்போனதற்கான அடையாளங்களில் ஒன்று. ஒரு தனியார் கிளினிக்கில் அம்மாவுக்கு மாதக்கணக்கில் இரத்த டானிக்கும் சத்து ஊசியும் கொடுத்தார்கள். வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று சொன்னார்களே தவிர, ஒரு முறைகூட இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

அரசாங்க கிளினிக்கில் பார்த்த இளம் மருத்துவர் தமிழ்ப் பெண். அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நகங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகங்கள் நடுவில் குழிந்து கரண்டி போல் ஆகியிருந்ததை எங்களுக்கும் காட்டினார். அன்றே எடுத்த முழு இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 7.8 கிராம் என்று வந்தது. கருவுறாத பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் சோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். சிவப்பணுக்களின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. என்ற எண் 80க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 69 ஆக இருந்தது. இரும்பு இல்லாமல் உருவாகும் அணுக்கள் சிறுத்து வெளிறிப்போகும் என்பதை அவர் காகிதத்தில் வட்டங்கள் போட்டு விளக்கினார். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை எங்கள் கிளினிக்கில் செய்வதில்லை. மாதிரியை மருத்துவமனை ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அது 5 என்று திரும்பி வந்தது. 15க்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டதென்று ஐயமின்றிச் சொல்லலாம். உடலில் அழற்சியோ நாட்பட்ட நோயோ இருக்கும்போது ஃபெரிட்டின் செயற்கையாக உயர்ந்து நிற்கும் என்பதால், வேறு நோய் உள்ளவர்கள் அந்த எண் சாதாரணமாக இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது என்றும் சொன்னார்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான மருத்துவம் முடிந்துவிடுகிறது. இரும்பு குறைவு, ஆகவே இரும்பு மாத்திரை, அடுத்தவர் வரலாம். இந்த மருத்துவர் அப்படி அனுப்பவில்லை. மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான ஒரு பெண்ணின் உடலிலிருந்து ஒரு நாளைக்கு வெளியேறும் இரும்பு ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். அந்த அளவைச் சாதாரணச் சாப்பாடே ஈடுகட்டிவிடும். அப்படியிருந்தும் சேமிப்பு முழுவதும் காலியாகிறதென்றால் எங்கோ இரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும் என்றார். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வயிற்றிலோ குடலிலோ நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி இரத்தம் கசிந்தால் போதும், கண்ணுக்குத் தெரியும்படி மலத்தின் நிறம் மாறாமலேயே சில மாதங்களில் ஒருவர் இந்த நிலைக்கு வந்துவிடுவார். கசிவை அடைக்காமல் மாத்திரை கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக்குறைச் சோகை வந்தால், வேறு காரணம் தெளிவாகத் தெரியாதவரை, இரைப்பையையும் பெருங்குடலையும் கருவி விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்பது மருத்துவ உலகில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. பெருங்குடல் புற்றுநோய் சிலருக்கு முதன்முதலில் இப்படி வெறும் சோகையாகத்தான் தலைகாட்டுகிறது.

பிறகு அவர், “அம்மா, முட்டி வலிக்கு என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டார். அம்மா கைப்பையைத் திறந்து, பாதி தீர்ந்த டைக்ளோஃபெனாக் அட்டை ஒன்றையும், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய வேர் மருந்து என்று சொல்லப்பட்ட கறுப்பு உருண்டைகள் கொண்ட சிறு டப்பாவையும் மேசையில் வைத்தார். மருத்துவர் டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுகாதார அமைச்சில் பதிவு பெற்ற மருந்துகளில் அச்சிடப்பட்டிருக்கும் மால் என்ற எழுத்துகளுடன் கூடிய எண்ணைத் தேடினார், அது இல்லை. இப்படிப் பதிவில்லாமல் விற்கப்படும் வலி மருந்துகளில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது இந்த நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைப் பாதுகாக்கும் சுரப்புகளைக் குறைத்துப் புண்ணை உண்டாக்கும்; ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து மேலும் கூடும். வலி குறைகிறது என்பதற்காக வெறும் வயிற்றில் இவற்றை விழுங்கிவிட்டுக் காலை வேலைக்குப் போவது எங்கள் பக்கத்தில் சர்வசாதாரணம். இரண்டையும் அன்றே நிறுத்தச் சொல்லி, வலிக்குப் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். இந்த ஒரு கேள்விக்காகவே நான் இந்த கிளினிக்கை மற்றவர்களுக்குச் சொல்வேன்.

கொக்கிப்புழுவையும் அவர் விடவில்லை. லயத்து வீடுகளில் ஒழுங்கான கழிப்பறை இல்லாத காலத்தில், வெறுங்காலோடு நடந்த தொழிலாளர்களின் பாதத்தைத் துளைத்து உள்ளே போன அந்தப் புழுக்கள் குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடித்துத் தலைமுறை தலைமுறையாக நம் மக்களை வெளிறச் செய்தன. இன்று அது வெகுவாகக் குறைந்துவிட்டது என்றாலும், மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்பவர்களுக்கு மலப் பரிசோதனை செய்துபார்ப்பது நல்லது என்றார். அம்மாவுக்குப் புழு இல்லை. இருந்திருந்தால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை மாத்திரையே பெரும்பாலும் போதுமாம்.

மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள். கருவி விட்டுப் பார்க்கும் ஸ்கோப்புக்குத் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆனது. இது கிளினிக்கின் கையில் இல்லை என்று தெரிந்தாலும், ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இருக்கும் ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பது எளிதல்ல. உடனே இரத்தம் ஏற்ற வேண்டாமா என்று நான் வற்புறுத்திக் கேட்டேன். நெஞ்சுவலியோ மயக்கமோ இல்லாமல், கசிவும் மெதுவானதாக இருக்கும்போது, 7க்கு மேல் உள்ளவர்களுக்குப் பொதுவாக இரத்தம் ஏற்றுவதில்லை என்றும், ஏற்றினால் அதற்கென்று தனி ஆபத்துகள் உண்டு என்றும் குடும்ப மருத்துவ நிபுணரே வந்து பொறுமையாக விளக்கினார். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாற்றமடித்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும்; ஆனால் அது கரும்பச்சையாக, வழக்கமான கெட்டித்தன்மையோடு இருக்கும். இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொன்னதால் நாங்கள் வீணாகப் பதறவும் இல்லை, அசட்டையாக இருக்கவும் இல்லை.

தாதி ஒருவர் செய்த உதவியை இங்கே சொல்லியாக வேண்டும். பெருங்குடல் ஸ்கோப்புக்கு ஏழு நாட்கள் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று அவர் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டினார். நிறுத்தாவிட்டால் கறுத்த கழிவு குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு, கருவிக்கு எதுவும் தெரியாமல் போய்விடும். வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி வீணாகிவிடும். மருத்துவமனை கொடுத்த தாளில் இது மலாயில் சிறிய எழுத்தில் இருந்தது. அம்மாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது.

ஸ்கோப்பில் இரைப்பையில் ஒரு புண் தெரிந்தது. அங்கே எடுத்த திசுவில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. பெருங்குடலில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. இந்தக் கிருமி மலேசியாவில் மலாய்க்காரர்களை விட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் என்று உள்நாட்டு ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. நம் வீடுகளில் கேஸ்ட்ரிக் என்று சொல்லிக் கடையில் வாங்கும் மருந்தோடு காலம் தள்ளுகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கிருமி புண்ணை உண்டாக்குவதோடு, இரைப்பை அமிலத்தையும் குறைத்து, உண்ணும் இரும்பு உடலில் சேராமல் தடுக்கிறது. இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்த்து 14 நாட்கள் கொடுத்தார்கள். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரங்கள் கழித்து மூச்சுப் பரிசோதனை மூலம் கிருமி ஒழிந்ததா என்று பார்த்தார்கள். இரைப்பைப் புண் ஆறியதா என்று மறுபடியும் ஸ்கோப் செய்தார்கள். ஆறாத புண் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால் இந்த இரண்டாவது ஸ்கோப்பை யாரும் தவிர்க்கக் கூடாது.

இரும்பு மாத்திரையைப் பொறுத்தவரை கிளினிக் தருவது ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மில்லிகிராம். அதில் உண்மையான இரும்பு சுமார் 65 மில்லிகிராம். வண்ணப் பெட்டியில் விலை கூடுதலாக விற்கும் சத்து மாத்திரைகள் பலவற்றில் இதை விடக் குறைவாகவே இருக்கிறது என்பதை வாங்குமுன் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம். முதலில் தினமும் ஒன்று சாப்பிட்ட அம்மாவுக்கு மலச்சிக்கலும் குமட்டலும் வந்து, மாத்திரையே வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். மருத்துவர் கடிந்துகொள்ளாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினார். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சுரப்பை வெளியிட்டு, ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் குடலில் இரும்பு ஏறுவதைக் குறைத்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் இரும்பு குறைந்த இளம் பெண்களிடம் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, இடைவெளி விட்டுச் சாப்பிடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடலில் சேரும் அளவு கூடுவதைக் காட்டியது. ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் அளவு ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று கொள்ளலாம். ஏறவில்லையென்றால், ஒழுங்காகச் சாப்பிடவில்லை, உடலில் சேரவில்லை, கசிவு நிற்கவில்லை, அல்லது நோயே வேறு என்று மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும். அம்மாவுக்கு 9.7 ஆனது.

மருந்துச் சாளரத்தில் இருந்தவர் தேநீரைப் பற்றிச் சொன்னது எங்கள் வீட்டின் வழக்கத்தையே மாற்றியது. சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பை கெட்டித் தேத்தண்ணி என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களின் இரத்தத்தில் ஊறியது. தேயிலையின் துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேர்வதைப் பாதிக்கும் மேலாகக் குறைத்துவிடக்கூடும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத் தேநீர், காப்பி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை எதுவும் கூடாது. லிமாவ் கஸ்தூரி பிழிந்த தண்ணீரோ ஒரு துண்டு கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் நல்லது. ஆட்டு ஈரல், மீன், கெராங் சிப்பி ஆகியவற்றில் உள்ள இரும்பு எளிதாகச் சேரும். முருங்கைக்கீரை, கங்கோங், கேழ்வரகு ஆகியவற்றில் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது. புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் சைவம் இருப்பவர்கள் எலுமிச்சையைச் சேர்த்துக்கொள்ளவும், தேநீரைத் தள்ளிவைக்கவும் வேண்டும். ஆனால் சேமிப்பு வற்றிய பிறகு சாப்பாட்டை மட்டும் வைத்து நிரப்ப முடியாது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். பேரீச்சம்பழத்தையும் பீட்ரூட் சாற்றையும் நம்பி மாதங்களைக் கடத்துபவர்கள் நம்மிடையே ஏராளம்.

நாத்தனாரின் கதை வேறு. வயது 31, கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. ஹீமோகுளோபின் 10.9, எம்.சி.வி. 66, ஃபெரிட்டின் 6. அவரிடம் மாதவிடாயைப் பற்றி வெட்கப்படவிடாமல் விவரமாகக் கேட்டார்கள்: எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, தொழிற்சாலை வரிசையில் நிற்கும்போது ஒரு மணி நேரத்துக்குள் நனைந்துவிடுகிறதா. இந்தக் கேள்விகளை அவரிடம் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அது மிகை. அம்மாவுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்கேனில் கருப்பையில் சிறு நார்க்கட்டிகள் தெரிந்தன. அதிகமாகப் போகும் நாட்களில் மட்டும் சாப்பிட, போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை கொடுத்தார்கள். அது போதாவிட்டால் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு என்றும் சொல்லிவைத்தார்கள்.

அவருடைய அறிக்கையில் மருத்துவர் இன்னொன்றையும் கவனித்தார். வெறும் இரும்புக்குறை என்றால் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் குறைந்திருக்கும். அவருக்கோ அது 5.4 என்று தாராளமாக இருந்தது. எம்.சி.வி.யை அந்த எண்ணால் வகுத்தால் 13க்குக் கீழே வந்தது. அது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணு இருக்கலாம் என்பதற்கான குறிப்பு. இங்கே படிவம் நான்கு மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை 2016இல் தொடங்கியது; நாத்தனார் அதற்கு முன்பே பள்ளியை முடித்துவிட்டவர். இரும்பு குறைந்திருக்கும்போது, அந்த மரபணுவைக் கண்டறியப் பார்க்கும் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் தாழ்ந்து, மரபணு இருப்பதையே மறைத்துவிடலாம் என்பதால், முதலில் இரும்பை நிரப்பிவிட்டுப் பிறகு அந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். முடிவு, அவர் பீட்டா தலசீமியா மரபைச் சுமப்பவர் என்று வந்தது. அவருக்கு அதனால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் திருமணம் நிச்சயமாகும் முன் மாப்பிள்ளைக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு கடுமையான நோய் வாய்ப்பு உண்டு. மேலும், இனி எம்.சி.வி. குறைவாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து யாராவது வாழ்நாள் முழுவதும் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால் அவர் மறுக்கலாம். தேவையற்ற இரும்பு உடலில் தங்கித் தீங்கு செய்யும்.

குறைகளையும் எழுதத்தான் வேண்டும். காலை ஏழு மணிக்கே நம்பர் எடுக்கும் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. தொலைபேசியை எடுப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் இருக்க நேர்ந்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே பழைய இரத்த அறிக்கைகளையும், சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருந்துப் பொட்டலத்தில் எல்லாம் மலாயில்தான் இருக்கிறது. சாளரத்தில் நின்று தமிழில் சொல்லும் அந்த ஊழியர் விடுப்பில் போன நாளில், எனக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டி இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்குவதாக என்னிடம் சொன்னார். தோட்டத்து மக்கள் பாதிக்கு மேல் வரும் ஒரு கிளினிக்கில், தேத்தண்ணியோடு சாப்பிடக் கூடாது என்ற ஒரு வரியையாவது தமிழில் அச்சடித்து ஒட்டுவது பெரிய செலவல்ல. இதைக் கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

பதிவுக் கட்டணம் குடிமக்களுக்கு 1 வெள்ளி, மருந்து உட்பட. அம்மாவின் ஹீமோகுளோபின் இப்போது 12.4. அளவு சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பின் சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் பார்ப்பார்கள். மறுபடி இறங்கினால், ஸ்கோப் எட்டாத சிறுகுடலைத் தேட வேண்டியிருக்கும் என்றும் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்கள்.